கலர் வராத கேசட்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, என் தங்கை, நான். நாற்காலியில், தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவரும் ஒரு சொல்தா. டிவிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்குக் கொண்டுவந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்த டெக்காரர். கூப்பிடாமலே வந்துவிட்ட எதிர்வீட்டு அக்கா, அவள் வீட்டுக்காரர். தெருவிலிருந்து பாயும் கையுமாக வந்த நாலு பெண்கள். மொத்தம் பதின்மூன்று பேர். எண்ணி முடித்ததும் என் கண் பிளக்குக்குப் போனது. கூடத்தில் இருந்தது ஒரே பிளக். அதிலிருந்து தரையில் ஓடிய ஒயரில் இத்தனை பேரின் காலும் படும்.

மாப்பிள்ளை வரவில்லை. அவர் பாரீஸில் இருந்தார், ஓட்டலில் உத்தியோகம் என்று சொல்லியிருந்தார்கள். போட்டோ அனுப்புவதற்குப் பதிலாகத் தன்னை வீடியோவில் எடுத்து அனுப்பியிருந்தார். எண்பதுகளின் நடுவில் அது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. கேசட்டைப் பார்ப்பதற்காகத்தான் அப்பா டெக் வாடகைக்குச் சொன்னார். டெக்காரருக்கு வாடகை நேரக்கணக்குதான். படம் போட்டாலும் போடாவிட்டாலும் அதே பணம், இரண்டு தமிழ்ப் படக் கேசட்டும் சேர்த்துத் தருவார். எங்கள் சாரம் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் டெக் வந்து இறங்கினால் அன்று அந்தத் தெருவுக்கே படம் என்று அர்த்தம். 'இது பெண் விஷயம், நாங்கள் மட்டும் பார்க்கிறோம்' என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சண்டை.

பெரியப்பா அன்று மாலையே தந்தி ஆபீசுக்குப் போய் பாரீஸுக்குப் போன் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். காரைக்காலில் இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாம் நாள் வரை காத்திருக்க மாட்டார்கள். ஆக, என் தங்கை ஒரு கேசட்டைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள், ஆமா இல்லை என்று ஒன்று சொல்ல வேண்டும்.

"நீ நல்லா பாத்து சொல்லுடி. படம் பாத்து சொல்றதுல உன்னை விட்டா யாரு?" என்று அம்மா காலையிலிருந்து நாலு தடவை என்னிடம் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்த வருஷம் நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவும் வேலை. சில வருஷம் கழித்துத் தங்கையும் அங்கேயே வந்தாள். கம்பெனியிலிருந்துதான் பக்கத்துத் தியேட்டரின் இடைவேளைக் கடைக்குச் சரக்கு போகும். அதனால் கூட்டம் குறைந்த படங்களுக்கு எங்களுக்கு மேட்னி பாஸ் கிடைக்கும். நல்ல படங்களை நான் தாமதமாகத்தான் பார்த்தேன். ஓடாத படங்களை உடனே பார்த்தேன். எழுபதுகளில் ஊரில் ஓடாமல் போன படம் எதுவும் நான் பார்க்காமல் போனதில்லை.

பாட்டில் கழுவுவதில் ஒரு முறை இருக்கிறது. சோப்புத் தொட்டியில் ஊறவைத்து, பிரஷ் விட்டு, அலசி, கவிழ்த்து இரண்டு உதறு உதறி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அடியில் மண் ஒட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும். கொஞ்ச நாளில் கை தானாகச் செய்யத் தொடங்கிவிடும். தங்கை வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "எவர்சில்வர்ல என்னாடி தெரியப் போவுது உனக்கு?" என்று அம்மா சிரிப்பாள்.

படம் பார்க்கும்போது எனக்குக் கதாநாயகன் மேல் அக்கறை வந்ததில்லை. அவனைப் பார்த்துக்கொள்ளப் படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் ஒரு சண்டை நடக்கும். தக்காளி வண்டி கவிழும். தியேட்டரே விசிலடிக்கும். எனக்கோ அந்த வண்டிக்காரர் வாங்கிய கடனை எப்படிக் கட்டுவார் என்று இருக்கும். அடுத்த காட்சியில் வருவார், அதற்கடுத்ததில் வருவார் என்று கடைசி வரை காத்திருப்பேன். வர மாட்டார். அந்தப் படத்தில் எல்லாருக்கும் நியாயம் கிடைத்தது, அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. இன்னொரு படத்தில் கதாநாயகி அடுப்பில் பாலை வைத்திருக்கிறாள். புருஷனுக்கு விபத்து என்று செய்தி வருகிறது. அப்படியே தலைவிரி கோலமாக ஓடுகிறாள். ஆஸ்பத்திரியில் அவள் பாடிய பாட்டுக்கு எல்லாரும் அழுதார்கள். நான், "பாலு, பாலு" என்றேன். முன் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி, "கொழந்தைக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள். என்னிடம் குழந்தை எதுவும் இல்லை.

பேய்ப் படங்கள் எனக்குப் பயத்தைத் தந்ததில்லை. பங்களா வாட்ச்மேன் செத்துப்போவான், அவன் பெண்டாட்டிக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடாது. ஏழை வீட்டைக் காட்டும் படங்களைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. ஏழை வீட்டில் மூடியில்லாத பாத்திரம் குறைந்தது இரண்டு இருக்கும். சினிமாவில் ஒன்றுகூட இருக்காது. சட்டை கிழிந்திருக்கும், ஆனால் இஸ்திரி போட்டிருக்கும்.

எதிர்வீட்டு அக்கா காசு கொடுத்துப் படத்துக்குப் போவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்பாள்.

"போலாமாடி?"

"போலாங்கா. தங்கச்சி செத்துப் போயிடுது. மத்தபடி நல்லாத்தான் இருக்குது."

"நாய் கீய் சாவுதா?"

"நாய்க்கு ஒண்ணும் ஆவல."

"அப்ப போறேன்."

இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. படத்தைப் பற்றி நான் சொன்னதைவிட, படத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று முன்கூட்டியே சொன்னதற்காகத்தான் என்னிடம் வந்தார்கள் என்று நினைக்கிறேன். போகிற இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஒரு மன்றத்தில் சில சமயம் இலவசமாகப் படம் போடுவார்கள். கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி கூட்டிப் போனாள். ஒரு கிழவரும் கிழவியும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடித்தார்கள். வெளியே மழை. கிழவி ரயிலில் குடையை மறந்துவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை என்று எனக்குப் புரிந்தது. வேறு இருந்திருந்தால் அது பாஷையில் போய்விட்டது. படம் முழுவதும் குடை கிடைக்குமா என்றே இருந்தேன். கிடைக்கவில்லை. கடைசியில் அவள் கடைக்குப் போய் வேறு குடை வாங்கினாள், காசை எண்ணிக் கொடுத்தாள். நான் பார்த்த படங்களிலேயே ஒழுங்கான படம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். கூட வந்தவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

டிவி பிற்பாடு வந்தது. எதிர்வீட்டில் ஒரு பெட்டி வாங்கினார்கள். மொட்டை மாடியில் மூங்கில் கட்டி, அதன் நுனியில் ஆன்டெனா. கடல் காற்று அடித்தால் மெட்ராஸிலிருந்து வரும் முகங்கள் எல்லாம் கோணிக்கொள்ளும். அந்த மூங்கில் விழுந்தால் கீழே யார் தலையில் விழும் என்று பார்த்துத்தான் நான் இடம் பிடித்து உட்காருவேன். படம் நின்றுபோய், தடங்கலுக்கு வருத்தம் தெரிவிக்கும் அட்டையைக் காட்டும்போது மட்டும் எனக்கு நிம்மதியாக இருக்கும். நடக்க வேண்டிய கெட்டது நடந்துவிட்டது, இனி காத்திருந்தால் போதும்.

பிறகு இந்தி சீரியல்கள் வந்தன. எனக்கு இந்தி தெரியாது. ஒரு பெரிய குடும்பம், ஒரே சமையலறை. அதை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன். யார் மாமியார், யார் மூத்த மருமகள், யாருடைய புருஷன் சம்பளம் குறைவு என்பதெல்லாம் தட்டைக் கீழே வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். "புரியாத பாஷையில என்னாத்தடி பாக்குற?" என்றாள் அக்கா. பாத்திரச் சத்தம் புரிகிறது என்றேன். சீரியலில் எனக்கு ஒரே குறை. ஒரு வாரம் மருந்து வாங்கப் போனவன் அடுத்த மூன்று வாரம் திரும்பி வர மாட்டான். படுத்திருக்கிற நோயாளியைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இருக்காது.

இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் அன்றைக்கு அந்தக் கேசட்டின் முன் உட்கார்ந்தேன்.

டெக்காரர் கேசட்டை உள்ளே தள்ளினார். கொஞ்சம் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு தெரு, வரிசையாகக் கார்கள், கனமான கோட்டுப் போட்ட ஓர் ஆள். எல்லாமே கறுப்பு வெள்ளை.

"என்னாடி இது, கலரே வரல?" என்றாள் அத்தை. "கலர் டிவின்னுதானே வாடகை கேட்டான்?"

டெக்காரர் பெட்டியின் குமிழ்களைத் திருகிப் பார்த்தார். மாறவில்லை.

"எனக்குத் தெரியும். பையன் கருப்பா இருப்பான். அதான் கலரைப் புடுங்கிட்டு அனுப்பியிருக்கானுங்க."

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா, கலரு என்னா பல்லா, புடுங்கறதுக்கு? பிரான்ஸ்ல எடுத்த கேசட்டு இங்க இப்படித்தான் வரும். அவங்க சிஸ்டம் வேற."

"பெரியவரு சொல்றது சரிதாம்மா," என்றார் டெக்காரர். "சொல்தா வீடுங்கள்ல எனக்குத் தினம் இதே பஞ்சாயத்துதான். நம்ம டெக்ல கலரு வராது."

"அப்ப கருப்பா செவப்பான்னு எப்படித்தான் பாக்குறது?"

"நாமல்லாம் என்னா செவப்பா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தார். எதிர்வீட்டுக்காரர் விசிலடித்தார். அடுத்த காட்சியில் ஒரு வீடு. சோபாவைக் காட்டினார், பிரிட்ஜைத் திறந்து காட்டினார், ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினார். பிறகு கேமராவைப் பார்த்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் பாக்கெட்டில் வைத்தார், பிறகு எடுத்தார்.

"வணக்கம். நான் நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். இங்க இப்ப குளிரு. அப்புறம்..."

அப்புறம் ஒன்றும் வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள். இவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று ஜாடை காட்டிச் சமையலறைக்குப் போனார். கேமராவும் கூடவே போனது. சுவர் அலமாரி ஒன்றைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார், மூடினார். மூன்றாவதில் கண்ணாடி டம்ளர் இருந்தது. குழாயில் பிடித்துக் குடித்தார், கழுவி வைத்தார், திரும்பவும் சிரித்தார். அதோடு கேசட் முடிந்தது. பெட்டியில் புள்ளி புள்ளியாக இரைந்தது.

"அவ்ளோதானா? பாட்டு இல்லையா?" என்றாள் பாயில் இருந்த ஒருத்தி. "சரி, படத்தைப் போடுங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "சொல்லு."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஆனால் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது.

"அம்மா, அது அவரு வீடு இல்ல."

பெரியப்பா திரும்பினார். "என்னாம்மா சொல்ற?"

சொன்ன பிறகு விழுங்க முடியாது. "மூணு கதவைத் தொறந்துதான் டம்ளரை எடுத்தாரு மாமா. சொந்த வீட்ல டம்ளரு எங்க இருக்குதுன்னு தெரியாமயா இருக்கும்?"

"எங்க வீட்ல எனக்குந்தான் தெரியாது," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உனக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது. நீ பேசாத," என்றாள் அக்கா.

பெரியப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். "சிநேகிதன் வீடு அது. இவன் இருக்கிற எடத்துல கேமராவுக்கு வெளிச்சம் பத்தல. அதுக்காக அங்க போயி எடுத்தான். வீட்டை எழுதி வைக்கிறேன்னா சொன்னான்?"

"இவரு இருக்கிற எடம் எப்படிங்க?" என்று அப்பா முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"ரூமு."

"எத்தனை ரூமு?"

"ஒண்ணுதான். மேல் மாடியில."

அம்மாவின் முகம் மாறியது. அத்தை, "ஏன், நாம என்னா அரண்மனையிலயா இருக்கோம்? ஒரு ரூமா இருந்தா கூட்டுறது சுலபம்," என்றாள். அவளுக்கு மாப்பிள்ளை கறுப்பு என்பதில் இருந்த கஷ்டம் ஒரே ரூமில் இல்லை. பாயிலிருந்த பெண்கள் படத்தை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதால் இந்த இடம் தட்டிப் போனால், நாளைக்கு வேறு இடம் வராமல் போனால் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன். சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கமும் ஒரு சுற்று யோசித்தேன். இரண்டு பக்கமும் மோசமாகவே இருந்தது.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத தங்கை டெக்காரரைப் பார்த்து, "அண்ணே, திரும்பவும் போடுங்க," என்றாள்.

"முழுசுமா?"

"தண்ணி குடிக்கிறதுலேந்து போதும்."

சுற்றிவிட்டுப் போட்டார். மாப்பிள்ளை மறுபடியும் மூன்று கதவுகளைத் திறந்தார், குடித்தார், கழுவினார்.

"இன்னொரு தரம்ணே."

"டெக்கு ஹெட்டு தேஞ்சுடும்மா."

"ஒரே தரம்."

பாயில் ஒருத்தி, "பொண்ணு மயங்கிடுச்சுடி," என்று கிசுகிசுத்தாள். மூன்றாவது முறை ஓடியபோது தங்கை எழுந்து பெட்டியின் அருகில் போய்க் குந்தினாள். அதன் பிறகுதான் நானும் கதவுகளை விட்டுவிட்டு அந்த ஆளின் கையைப் பார்த்தேன். டம்ளரை அலசினார். கவிழ்த்து இரண்டு உதறு உதறினார். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கேமரா இருக்கிறது, பெண் வீட்டார் பார்க்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த நொடியில் அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகுதான் நினைவு வந்து, டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

தங்கை பெரியப்பாவிடம் திரும்பினாள்.

"மாமா, அவரு அந்த ஓட்டல்ல கிளாஸ் கழுவுற வேலைதானே பாக்குறாரு?"

புள்ளிகளின் இரைச்சலை டெக்காரர் குறைத்தார்.

"பெரிய ஓட்டலு," என்றார் பெரியப்பா. "பாரீஸ்லயே பேரு போன எடம்."

"ஓட்டல்ல உத்தியோகம்னீங்களே," என்றார் அப்பா.

"உத்தியோகம்தான். மாசம் பொறந்தா சம்பளம். பொய்யா சொன்னேன்? ஓட்டல்ல எந்த எடத்துலன்னு நீங்க கேக்கல, நானும் சொல்லல."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தைதான் தாங்க மாட்டாமல், "பாட்டில் கழுவுற பொழைப்புலேந்து இவளாவது தப்பிச்சுப் போவான்னு பாத்தா, அங்க ஒருத்தன் கிளாஸ் கழுவிக்கிட்டு நிக்கிறானா? இதுக்கு இங்க நம்ம கம்பெனியிலயே ஒருத்தனைப் புடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கலாமே, பிளேன் சார்ஜாவது மிச்சம்," என்றாள்.

"நல்லாத்தான் கழுவுறாரு அத்தை," என்றாள் தங்கை.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் மீசையைத் துடைப்பது போல வாயை மறைத்துக்கொண்டார்.

தங்கை சிரிக்கவில்லை. "மாமா, நீங்க சாயங்காலம் போன் போடும்போது நானும் வரேன். அந்த வீடு யாருது, வேலை என்னா வேலைன்னு அவரே வாயால சொல்லட்டும். நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது. அவரா சொன்னாருன்னா எனக்குச் சம்மதம். சொல்லலைன்னா காரைக்கால்ல பாத்துக்குங்க."

"போன்ல பொண்ணு பேசறதா?" என்றார் பெரியப்பா.

"கேசட்ல மாப்பிள்ளை வரும்போது போன்ல பொண்ணு பேசினா என்னா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவள்தான் பேசினாள்.

அவர்கள் மூவரும், அப்பாவும் தங்கையும் பெரியப்பாவும், ரிக்‌ஷாவில் தந்தி ஆபீசுக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். டெக்காரர் தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டார். பெண்கள் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. யாரோ யாரையோ கோயிலில் வைத்து அறைந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

போனில் என்ன நடந்தது என்பதைத் தங்கை சொல்லித்தான் தெரியும். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனதாம். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை இவளிடம் கொடுத்துவிட்டார். "கேசட்டு பாத்தேன்," என்றாளாம் இவள். பிறகு அவரே, "அது என் வீடு இல்லைங்க," என்று ஆரம்பித்திருக்கிறார். சிநேகிதன் வீடு, தனக்கு ஒரு ரூம்தான், ஓட்டலில் கிளாஸ் கழுவுகிறேன், பெரியப்பா சொல்ல வேண்டாம் என்றார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில், "உங்களுக்கு முன்னயே தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டாராம்.

"வெளிச்சத்துல தூக்கிப் பாத்தீங்களே," என்றாளாம் இவள்.

"யாரு, நானா?"

தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது.

அவர்கள் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரின்னுட்டா," என்றார். கொஞ்ச நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் காபி வந்தது.

கல்யாணம் முதலில் மேரியில், அதாவது முனிசிபல் ஆபீசில், பிரெஞ்சு முறைப்படி பதிவாயிற்று. பிறகு கோயிலில் தாலி. மாப்பிள்ளை நேரில் வந்தபோது மாநிறம்தான். அத்தை அதை மூன்று பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். பேப்பர்கள் எல்லாம் வந்த பிறகு தங்கை பாரீஸ் போனாள். அந்த ஒரே ரூமில்தான் முதல் சில வருஷங்கள் இருந்தார்கள். ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. அந்தப் படிகளில் ஈரம் இருக்குமா, கைப்பிடி இருக்குமா என்று நான் இங்கே உட்கார்ந்து கவலைப்பட்டேன். இருவரும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவர் அலசுவார், இவள் துடைப்பாள் என்று எழுதியிருந்தாள். யார் வெளிச்சத்தில் பார்ப்பது என்பதில்தான் சண்டையாம்.

அந்தக் கேசட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டால், படமாக அது நல்ல படம் இல்லை. ஆரம்பம் இழுவை. சோபாவையும் பிரிட்ஜையும் வெட்டியிருக்கலாம். வசனம் பாதியில் நிற்கிறது, கலரும் இல்லை. நான் குறை கண்டுபிடித்த இடத்தில் குறை இருந்தது உண்மைதான். என் கண் அந்தக் கதவுகளோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்ததை அவள்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா "போலாமாடி?" என்று கேட்டால், "நீயே போய்ப் பாருக்கா" என்று சொல்லத் தொடங்கினேன். அவளுக்குக் கோபம். நாய் சாகிறதா என்பதை மட்டுமாவது சொல்லச் சொன்னாள். அதை மட்டும் சொன்னேன்.

டெக்காரர் விஷயம் அன்றைக்கு முடியவில்லை. வாடகை தொண்ணூறு ரூபாய். அப்பா ஐம்பது முன்பணம் கொடுத்திருந்தார். இரண்டு படம் என்று சொல்லி ஒரே படம்தானே ஓடியது, மீதியைக் குறைத்துக்கொள் என்றார் அப்பா. "வாடகை நேரத்துக்குங்க, படத்துக்கு இல்ல. உங்க பொண்ணு ரெண்டு தரம் திரும்பப் போடச் சொன்னதுல என் டெக்கு தேஞ்சது எந்தக் கணக்குல வரும்?" என்றார் அவர். பிறகு தானே சமாதானமாகி, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கும் வேலையைத் தனக்கே கொடுத்தால் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் கல்யாணத்துக்கு வீடியோ வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். ஒரு கேசட் எடுத்ததே போதும் என்றாள். டெக்காரர் கோபித்துக்கொண்டு பந்திக்குக்கூட வரவில்லை. நான் இரண்டு தடவை பணத்தோடு அவர் கடைக்குப் போனேன். இரண்டு தடவையும் பூட்டியிருந்தது. அப்புறம் அந்த இடத்தில் எஸ்டிடி பூத் வந்துவிட்டது. அவர் வைத்திக்குப்பம் பக்கம் போய்விட்டதாக ஒருவரும், வெளிநாடு போய்விட்டதாக இன்னொருவரும் சொன்னார்கள். அவருக்குத் தர வேண்டிய பாக்கி, நாற்பது ரூபாய்.